மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு கையும் உடம்பும் பழைய நிலைக்கு வர: முதல் நாள் முதல் இரண்டாம் வருடம் வரை

என் சித்திக்குப் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை எடுத்து ஏழாவது வாரம். கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பதற்கு முன் அளவெடுக்க வேண்டும் என்று கூட்டிப்போயிருந்தோம். ஸ்கேன் மேசையில் படுக்கவைத்து, "ரெண்டு கையையும் தலைக்கு மேல வைங்கம்மா" என்றார் டெக்னீஷியன். வலது கை போனது. இடது கை தோள் மட்டத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டது. சித்தியின் கண்ணில் தண்ணீர். இரண்டாவது முறை முயன்றபோதும் அதே இடத்தில்தான் நின்றது. கை நன்றாகத் தூக்க வந்தபிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். கதிர்வீச்சு தொடங்க மூன்று வாரம் தள்ளிப்போனது.

அந்த ஏழு வாரமும் சித்தி கையை வயிற்றோடு அணைத்தே வைத்திருந்தார். அப்படிச் சொன்னது நாங்கள்தான். தையல் பிரிந்துவிடும், கையில் நீர் கோத்துக்கொள்ளும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினோம். தண்ணீர் டம்ளரைக்கூட எடுக்கவிடவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது காயத்துக்குக் கட்டு மாற்றும் தேதி சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள். கையை எப்படி அசைக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் அப்போது பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு மாணவி. எனக்கும் தெரியாது.

இன்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மார்பக ஆபரேஷன் முடிந்தவர்கள். முழு மார்பகத்தையும் எடுத்தவர்கள், கட்டியை மட்டும் எடுத்தவர்கள், அதோடு அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தவர்கள். ஊரில் நெறி என்று சொல்வோமே, அந்த முடிச்சுகள்தான். அவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சதை எடுத்து மார்பை மறுபடி உருவாக்கியிருந்தால் விதிகள் வேறு. அப்படியானவர்கள் இங்குள்ள நாள் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். உங்கள் சர்ஜனிடம் தனிக் கணக்கு வாங்குங்கள்.

கை ஏன் இறுகுகிறது, பயம் எங்கிருந்து வந்தது

மார்பை எடுத்த இடத்தில் தோலும் அதன் அடியில் இருக்கும் தசையும் ஒட்டி ஆறுகின்றன. ஆறும் தழும்புக்குச் சுருங்கும் குணம் உண்டு. வலியால் நாமும் தோளை முன்னால் குறுக்கிக் கையை அணைத்துக்கொள்கிறோம். இரண்டும் சேர்ந்தால் சில வாரங்களில் தோள் மூட்டு அந்தக் குறுகலையே தன் அளவாக எடுத்துக்கொள்ளும். அக்குளிலும் ஆபரேஷன் செய்திருந்தால் இறுக்கம் இன்னும் கூடும். மேல்கையின் உட்புறம் மரத்துப்போகும், சிலருக்குச் சுரீர் என்று இழுக்கும். அங்கே ஓடும் ஒரு சிறு நரம்பு ஆபரேஷனில் அறுபடுவதோ இழுபடுவதோதான் காரணம். பயப்பட வேண்டியதில்லை.

கையை அசைத்தால் வீங்கும் என்ற பயத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. அமெரிக்க சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பிய முறையில் மார்பகம், அதன் அடியில் உள்ள மார்புத் தசை, அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தார்கள். கை வீக்கம் அப்போது சாதாரணம். அந்தக் காலத்துப் பயம் ஆபரேஷன் மாறிய பிறகும் தங்கிவிட்டது. பாரம் தூக்காதே, திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்யாதே என்று 1990கள் வரை உலகம் முழுக்கச் சொன்னார்கள்.

1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். மார்பகப் புற்றுநோய் வந்து மீண்ட 24 பெண்களைப் பழக்கி, டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். துடுப்புப் போடுவது முழுக்க முழுக்கத் தோளும் கையும் செய்யும் கடும் வேலை. யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. அதன்பிறகு கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் அமெரிக்காவில் எடைப் பயிற்சியையே சோதித்தார்கள். 2009இல் வெளியான ஆய்வில் ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்கள் இருந்தார்கள். வாரம் இரண்டு நாள், மிகக் குறைந்த எடையில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். வீக்கம் திடீரென்று கூடும் தொல்லை, பயிற்சி செய்யாதவர்களில் 29 சதவீதம் பேருக்கு வந்தது. எடை தூக்கியவர்களில் 14 சதவீதம் பேருக்கே வந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆய்வு வீக்கமே இல்லாத பெண்களைப் பற்றியது. அதிலும் ஐந்து அல்லது அதற்கு மேல் முடிச்சுகள் எடுத்தவர்களில், எடை தூக்காதவர்களில் 22 சதவீதம் பேருக்குக் கை வீங்கியது, தூக்கியவர்களில் 7 சதவீதம் பேருக்கு.

உடம்பின் திசுக்களிலிருந்து வடியும் நீர்தான் நிணநீர். அதைத் தள்ள இதயம் மாதிரி தனி பம்பு உடம்பில் கிடையாது. தசை சுருங்கி விரியும்போதுதான் அது நன்றாக ஓடுகிறது. அசைக்காத கையில் அது தேங்கும்.

முதல் வாரம்: டிரெயின் குழாய் இருக்கும்போது

ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுந்து நடக்க வேண்டும். வார்டிலேயே ஐந்து நிமிடம், ஒரு நாளில் நான்கைந்து தடவை. காயத்தில் ஊறும் நீரை வெளியே வடிக்கத்தான் டிரெயின் குழாய். அதன் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் தோள் தானாகக் குறுகிவிடும். பழைய பருத்திப் புடவையில் ஒரு சின்னப் பை தைத்து, அதில் டப்பாவைப் போட்டுக் கழுத்தில் குறுக்காக மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கையும் விடுதலையாகிவிடும். என்னிடம் வந்த ஒரு அக்கா தன் மகளின் பாவாடைத் துணியில் நாலு பை தைத்து, பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

கையைத் தூக்குவதில் இந்த வாரத்துக்கு ஒரே ஒரு தடை. முழங்கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்க வேண்டாம். முன்பக்கமும் பக்கவாட்டிலும் தோள் உயரம்வரை தாராளமாகப் போகலாம். குழாயை எடுக்கும்வரை பெரும்பாலான சர்ஜன்கள் இதைத்தான் சொல்வார்கள். ஒரு நாளில் வடியும் நீர் 30 மில்லிக்குக் கீழே வந்தபிறகுதான் வழக்கமாகக் குழாயை எடுப்பார்கள். அதற்கு ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. மல்லாந்து படுத்து, ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையைத் தலையணைகள்மேல் நெஞ்சு மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும்படி வையுங்கள். முக்கால் மணி நேரம், நாளைக்கு இரண்டு மூன்று முறை. அப்படி இருக்கும்போதே கையை இறுக்க மூடித் திறங்கள், 15 முதல் 25 தடவை. ஸ்பாஞ்ச் பந்து இருந்தால் அதைப் பிசையலாம், சுருட்டிய காலுறையும் போதும். பிறகு முழங்கையை மடக்கி நீட்டுங்கள். உட்கார்ந்துகொண்டு இரண்டு தோளையும் காதை நோக்கி ஏற்றி இறக்குங்கள், பின்பக்கமாக மெதுவாகச் சுழற்றுங்கள். மூக்கால் மூச்சை ஆழமாக இழுத்து, விலா விரிவதை உணர்ந்து, மெல்ல வெளியே விடுங்கள். ஐந்தாறு தடவை. வலிக்குப் பயந்து மேல்மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் சளி தங்கும்.

மற்றபடி அந்தக் கையால் சாப்பிடுங்கள், பல் விளக்குங்கள், தலையைக் குனிந்துகொண்டு முடியை வாருங்கள். "நீ உக்காரும்மா, நான் ஊட்டி விடுறேன்" என்று பிள்ளைகள் வருவார்கள். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஊட்டிவிடும் ஒவ்வொரு வேளையும் அந்தக் கை ஒரு பயிற்சியை இழக்கிறது. அந்த அன்பைக் காட்ட வேறு வழி இருக்கிறது. பாத்திரம் துலக்கலாம், தண்ணீர்க் குடம் தூக்கலாம், துணி பிழியலாம். முதல் ஆறு வாரம் இவைதான் அவர் செய்யக்கூடாத வேலைகள். இரண்டு கிலோவுக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம் என்று நான் சொல்லி அனுப்புவேன்.

காயத்தைச் சுற்றி ஒத்தடம் கொடுக்காதீர்கள். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. வெந்நீர்ப் பையால் கொப்புளித்துப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தைலம் போட்டு உருவிவிடுவதும் வேண்டாம்.

குழாயை எடுத்த பிறகு: சுவரும் கம்பும்

மொத்தப் பயணத்திலும் முக்கியமான கட்டம் இது. இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது, எட்டாவது வாரம்வரை. இப்போது கை மேலே போகத்தான் வேண்டும். பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 392 பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. தோள் இறுகும் ஆபத்து அதிகமாக இருந்த அவர்களில் பாதிப் பேருக்கு, ஆபரேஷன் முடிந்து 7 முதல் 10 நாளில் பிசியோதெரபிஸ்ட் துணையோடு பயிற்சியைத் தொடங்கினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, வெறும் துண்டுப்பிரசுரம் வாங்கிப்போனவர்களைவிட இவர்களின் கை நன்றாக வேலை செய்தது. வீக்கமோ காயத் தொல்லையோ அதனால் கூடவில்லை.

வெந்நீரில் குளித்துவிட்டு வந்ததும் தொடங்குங்கள், உடம்பு இளகியிருக்கும். வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அது வேலை செய்யத் தொடங்கும் நேரமாகப் பார்த்து, அரை மணி கழித்துச் செய்யலாம். காலை, மாலை இரண்டு வேளை. ஒவ்வொன்றும் ஐந்து முதல் ஏழு தடவை போதும்.

முதலில் கம்பு. குடையோ ஒட்டடைக் கம்போ போதும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி கம்பை இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றிலிருந்து தலைக்கு மேலே கொண்டுபோங்கள். நல்ல கை மற்றக் கையைத் தூக்கிக்கொண்டுபோகும். இழுக்கும் இடத்தில் நிறுத்தி ஐந்து எண்ணி, மெதுவாகத் திரும்புங்கள். அடுத்தது, அதே படுக்கையில் விரல்களைக் கோத்துப் பிடரியில் வைத்து, முழங்கைகள் கூரையைப் பார்க்கும்படி தொடங்கி, புத்தகம் விரிப்பதுபோல் பக்கவாட்டில் தரையை நோக்கி விரிப்பது. மார்பின் தழும்பு நீள்வது நன்றாகத் தெரியும். கைகள் பிடரிக்குப் போகாவிட்டால் நெற்றியில் வைத்துத் தொடங்குங்கள்.

அப்புறம் சுவர். சுவரைப் பார்த்து ஓரடி தள்ளி நின்று, விரல்களால் சிலந்தி ஏறுவதுபோல் மேலே ஏறுங்கள். போக முடிந்த உயரத்தில் சில விநாடி நில்லுங்கள், அதே வழியில் விரலால் இறங்குங்கள். கையைத் தொப்பென்று விழவிடாதீர்கள். இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கை ஏறுவதற்குப் பதில் தோள் காதுக்கு ஏறும், இடுப்பு பின்னால் வளையும். சுவரில் உயரம் கூடியதுபோல் தெரியும், மூட்டு அங்கேயே நிற்கும். பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்துத் தோளைப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பீரோக் கண்ணாடி முன் செய்யுங்கள். முன்பக்கம் சுலபமானதும் சுவருக்குப் பக்கவாட்டில் நின்று செய்யத் தொடங்கலாம். அது கடினம், சில நாள் பின்தங்கியே இருக்கும்.

ஏறிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். மற்றக் கையின் உயரத்தை முதல் நாளே குறித்துவிடுங்கள், அதுதான் எல்லை. சித்தி வீட்டுச் சமையலறையில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் பதினெட்டுக் கோடு இருந்தது. முதல் கோடு சுவிட்ச் போர்டு உயரம். நடுவில் நான்கு நாள் ஒரே கோட்டின்மேல் திரும்பத் திரும்பப் பென்சில் ஓட்டித் தடித்துப்போயிருந்தது. பிறகு இரண்டு விரற்கடை தாண்டியது. கடைசிக் கோட்டில் தேதிக்குப் பதில் "ஆச்சு" என்று எழுதியிருந்தார்.

எவ்வளவு வலிக்கலாம் என்று கேட்பார்கள். இழுக்க வேண்டும், குத்தக் கூடாது. பயிற்சி முடிந்து அரை மணியில் இழுப்பு அடங்கிவிட்டால் சரி. இரவு தூக்கம் கெடும் அளவுக்கு வலித்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

வீட்டு வேலையே நல்ல அளவுகோல். கொடியில் துணி போட முடிகிறதா? முதுகுக்குப் பின்னால் பிராவின் கொக்கியை மாட்ட முடிகிறதா? பின்தலையில் பூ வைத்துக்கொள்ள முடிகிறதா? இந்த மூன்றும் மூட்டின் மூன்று வேறு திசைகள். மூன்றும் வந்தால் தோள் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

கதிர்வீச்சு உண்டு என்றால், அளவெடுக்கும் தேதியை இப்போதே கேட்டு நாட்காட்டியில் குறியுங்கள். கை தலைக்கு மேலே போய், அசையாமல் கால் மணி நேரம் இருக்க வேண்டும். அந்த நிலையிலேயே படுத்துப் பழகுங்கள்.

அக்குளில் கயிறு மாதிரி

சிலருக்கு முதல் இரண்டு மாதத்துக்குள் ஒரு நாள் கையைத் தூக்கும்போது அக்குளிலிருந்து முழங்கைவரை, சிலருக்கு மணிக்கட்டுவரை, தோலுக்கு அடியில் ஒரு நரம்பு விறைத்து நிற்பதுபோல் தெரியும். தொட்டால் வீணைத் தந்தி. நேற்றுவரை போன கை இன்று போகாது. நோய் திரும்பி வந்துவிட்டது என்று நடுங்கிப்போய் வருவார்கள். இது நோயல்ல. அக்குளில் ஆபரேஷன் செய்யும்போது அறுபட்ட நிணநீர்க் குழாய்களும் சுற்றியிருக்கும் திசுவும் தடித்து இறுகியது என்று கருதப்படுகிறது. பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் சரியாகிவிடும். பயிற்சியைத் தொடர வேண்டும். முழங்கையை நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, கையைப் பக்கவாட்டில் மெல்ல விரித்து அந்தக் கயிற்றை நீட்டுவது உதவும். பிசியோதெரபிஸ்ட் கையால் நீவி இளக்குவதும் உண்டு. வீட்டில் யாரும் அதை வெடுக்கென்று இழுத்து அறுக்க முயல வேண்டாம்.

தோள்பட்டை எலும்பு முதுகில் சிறகுபோல் துருத்திக்கொண்டு நின்றால் அது வேறு. ஒரு நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், சுவர்ப் பயிற்சியால் மட்டும் தீராது. நேரில் காட்டுங்கள்.

நடை: கீமோ நடக்கும்போதும்

கைக்குச் சொன்னது மூட்டைக் காப்பாற்ற. நடை வாழ்க்கையைக் காப்பாற்ற என்றே சொல்வேன். கீமோவில் வரும் அசதி தூங்கினால் போகும் அசதி இல்லை. பத்து மணி நேரம் படுத்து எழுந்தாலும் அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். அதற்கு இன்றுள்ள வைத்தியங்களில் நன்றாக நிரூபிக்கப்பட்டது உடற்பயிற்சி. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய நிபுணர் குழு 2019இல் சொன்ன அளவு, வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு 30 நிமிடம் மிதமான நடை, அதோடு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. அசதி, மனக்கவலை, மனச்சோர்வு, அன்றாடம் நடமாடும் தெம்பு எல்லாவற்றுக்கும் இந்த அளவு பலன் தருகிறது.

மிதமான நடை என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. முப்பது நிமிடத்தைப் பத்துப் பத்தாக மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். கீமோ போட்ட மறுநாளிலிருந்து மூன்று நான்கு நாள் படுத்திவிடும். அந்த நாட்களில் வாசல்வரை போய்வந்தாலும் கணக்கில் சேரும். அடுத்த கீமோவுக்கு முந்தைய வாரம் நன்றாக இருக்கும், அப்போது கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை அணுக்கள் குறையும் நாட்களில் கூட்டமான பூங்காவும் ஜிம்மும் வேண்டாம், மொட்டை மாடி போதும். வெயில் ஏறும் முன் நடந்துவிடுங்கள். கால் மரத்துப்போகச் செய்யும் மருந்து என்றால் வெறுங்காலில் நடக்காதீர்கள். முள் குத்தினால் தெரியாது, தடுக்கினாலும் தெரியாது.

பெருங்குடல் புற்றுநோயில் 2025இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரில் பாதிப் பேருக்கு மூன்று வருடம் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி, மீதிப் பேருக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 90 சதவீதம், மற்றக் குழுவில் 83 சதவீதம். இந்த எண்களை அப்படியே மார்பகப் புற்றுநோய்க்கு மாற்றிச் சொல்லக்கூடாது. அவர்கள் கூடுதலாகச் செய்தது எவ்வளவு என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். வாரம் மூன்று நான்கு முறை, முக்கால் மணி முதல் ஒரு மணி வரையிலான வேகநடை. அவ்வளவுதான்.

எடை தூக்கத் தொடங்குவது

ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, காயம் முழுதாக ஆறி, கை மேலே போய், டாக்டர் சரி என்ற பிறகு. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் முதல் எடை. முழங்கையை மடக்கி நீட்டுவது, பக்கவாட்டில் தோள் மட்டம்வரை தூக்குவது, சுவரில் கை ஊன்றிச் சாய்ந்து நிமிர்வது, கையைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. அடுத்த இரண்டு நாளில் கை கனக்கவில்லை, வளையல் இறுகவில்லை என்றால் சில வாரம் கழித்து ஒரு லிட்டர் பாட்டில். ஏற்றுவதில் அவசரமே வேண்டாம். நடுவில் சில வாரம் விட்டுப்போனால் விட்ட எடையில் தொடங்காமல் கீழிருந்து வாருங்கள். ஏற்கெனவே வீக்கம் உள்ளவர்கள், கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையை மாட்டிக்கொண்டு செய்ய வேண்டும்.

"நான் குடம் தூக்கலாமா?" என்று கேட்காத அம்மா கிடையாது. நிறைகுடம் பத்துக் கிலோவுக்கு மேல். பழக்காத கை திடீரென்று அதைத் தூக்கினால்தான் தொல்லை. பாட்டிலில் தொடங்கிப் படிப்படியாக ஐந்து கிலோ அரிசிப் பைவரை வந்த கை, அரைக்குடத்தைத் தூக்கும்.

நோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எடை தூக்க இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாத்திரைகள் எலும்பைத் தேய்க்கும், மூட்டு வலியைக் கொடுக்கும். காலையில் விரலை மடக்க முடியாமல், மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தாதீர்கள். நடையும் எடைப் பயிற்சியும் அந்த வலியைக் குறைக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வளையலும் அளவு டேப்பும்

கை வீக்கம் ஆபரேஷன் முடிந்து சில மாதத்திலும் வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம். ஆரம்பத்தில் பிடித்தால் அடக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியும் முன் வளையலுக்குத் தெரியும். மோதிரம் கழலாது, ஜாக்கெட் கை ஒரு பக்கம் மட்டும் கோடு பதிக்கும், சாயங்காலம் கை கனமாக இருக்கும். தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை ஒரே நேரத்தில் மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே 10 செ.மீ., மேலே 10 செ.மீ. என்று இரண்டு கையிலும் அளந்து எழுதுங்கள். முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அளந்துவிடுங்கள். இரண்டு கைக்கும் எப்போதுமே கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், பழைய அளவு இருந்தால்தான் புதியது புரியும். வித்தியாசம் 2 செ.மீ. கூடினால் காத்திருக்காமல் காட்டுங்கள்.

அந்தக் கையில் காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீன் ஆயும்போதும் தோட்ட வேலையிலும் கையுறை, அரிவாள்மனையில் கவனம், வெட்டுப்பட்டால் உடனே கழுவி மருந்து. கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று. அன்றைக்கே மருத்துவமனை, பயிற்சி அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். உடம்பு எடை கூடுவதும் வீக்கத்தைக் கூட்டும்.

குறுகும் தோளின் இன்னொரு காரணம்

ஆறு மாதம் கழித்தும் கூன் போட்டு வருகிறவர்கள் உண்டு. சோதித்தால் மூட்டு நன்றாகவே இருக்கும். அவர்கள் மறைக்கிறார்கள். துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, தோளை முன்னே கொண்டுவந்து, இல்லாத பக்கத்தை யாரும் பார்க்காமல் இருக்க உடம்பையே குறுக்கிக்கொள்கிறார்கள். ஒரு பெண் என்னிடம், "பஸ்ல மேல கம்பியப் பிடிச்சா இந்தப் பக்கம் தட்டையாத் தெரியுதுக்கா" என்றார். கை தலைக்கு மேல் போகும், போகவிடவில்லை.

இதற்குப் பயிற்சி மட்டும் போதாது. காயம் ஆறும்வரை பஞ்சு அல்லது நூலில் பின்னிய மென்மையான செயற்கை மார்பகமும், ஆறிய பிறகு சிலிக்கோனில் செய்த ஒன்றும் கிடைக்கின்றன. சிலிக்கோனுக்கு எடை இருப்பதால் இரண்டு பக்கமும் சமமாகி முதுகும் நிமிரும். அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றை ஒன்று தொடுவதுபோல் இழுத்து ஐந்து எண்ணிவிடுவது, நாளைக்குப் பத்துத் தடவை. கணவரிடம் தழும்பைக் காட்ட இன்னும் மனம் வரவில்லை என்றால் அதையும் மருத்துவக் குழுவிடம் சொல்லலாம். இதெல்லாம் கேட்கக்கூடாத விஷயம் இல்லை.

எப்போது நிறுத்த வேண்டும், எவ்வளவு நாள் தொடர வேண்டும்

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், தலை சுற்றினால், நெஞ்சு வலித்தால், வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினால், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், காயம் திறந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே டாக்டரைப் பாருங்கள். டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. அவற்றை எடுக்கிறவர்கள் மூச்சு வாங்குவதை வெறும் அசதி என்று தள்ளிவிட வேண்டாம். ரத்தத்தட்டுகள் குறைந்திருக்கும் வாரத்தில் எடைப் பயிற்சி செய்யலாமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இரவில் எழுப்பும் புதிய எலும்பு வலியையும் சொல்லிவிடுங்கள்.

கதிர்வீச்சு வைத்த இடம் சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்தும் மெல்ல இறுகும். கை நன்றாக வந்துவிட்டது என்று சுவரை மறந்தவர்கள் ஒரு வருடம் கழித்து அதே தோளோடு திரும்பி வருகிறார்கள். கதிர்வீச்சு முடிந்து குறைந்தது இரண்டு வருடம், கம்பும் சுவரும் நாளைக்கு ஒரு வேளையாவது இருக்கட்டும். ஐந்து நிமிடம் போதும். டேப் அளவுகள், சுவர் உயரம், நடந்த நிமிடங்கள் மூன்றையும் ஒரே நோட்டில் எழுதி, ஒவ்வொரு செக்கப்புக்கும் ஸ்கேன் ஃபைலோடு சேர்த்து எடுத்துப்போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் மேசைமேல் திறந்து வையுங்கள்.